அடையாள அணிவகுப்பில் சாட்சி ‘இவர்தான்’ என்று கைகாட்டினால் அதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வியைச் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறேன். வழிப்பறி வழக்கு ஒன்றில் செயினைப் பறிகொடுத்த பெண்மணி அடையாள அணிவகுப்பில் (சந்தேக நபரை வேறு பலரோடு வரிசையில் நிறுத்தி, ஆளைக் காட்டச் சொல்வது) ஆளைக் காட்டினார், நீதிமன்றத்திலும் காட்டினார், அப்படியும் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், விடுதலை. நேரில் பார்த்தவரைவிடப் பெரிய சாட்சி யார்? முன்பின் தெரியாத ஒருவர்மேல் பொய் சொல்ல அந்த அம்மாவுக்கு என்ன தேவை? ஒருவேளை தவறிப்போய்க் காட்டியிருந்தால், பின்னாலாவது அது அவருக்கே தெரியாதா?

பொய் சொல்லத் தேவை எதுவும் இல்லை. சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது. எதிரி தரப்பு வக்கீலாகப் பல வருடம் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பொய் சாட்சியைக் கண்டு நாங்கள் பயப்படுவதில்லை. பொய் சொல்பவர் எங்காவது ஓரிடத்தில் முன்னுக்குப் பின் முரணாகப் பேசிவிடுவார், குறுக்கு விசாரணையில் அவருக்கு வியர்க்கும். மனதார நம்பித் தவறாகச் சொல்பவரை அப்படி மடக்க முடியாது. அவரிடம் ஒளித்துவைக்க எதுவுமே கிடையாது. கேட்கக் கேட்க அவருடைய உறுதி கூடும், நீதிபதிக்கு அவர்மேல் மரியாதையும் கூடும்.

அதனால் சாட்சி நல்லவரா, உண்மை பேசுபவரா என்று ஆராய்வதில் இங்கே பயனில்லை. அந்த அடையாளத்தை அவரிடமிருந்து எப்படி வாங்கினார்கள் என்று கேட்க வேண்டும். அதிலும் முதல் தடவை எப்படி வாங்கினார்கள் என்று. ஒரு சாட்சியின் ஞாபகத்தை ஒரே ஒரு தடவைதான் சோதித்துப் பார்க்க முடியும். இரண்டாம் தடவை காட்டும்போது, சம்பவத்தன்று பார்த்த முகத்தை வைத்துக் காட்டுகிறாரா, முதல் தடவை தான் காட்டிய முகத்தை வைத்துக் காட்டுகிறாரா என்பதை அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் ரொனால்ட் காட்டன் வழக்கைப் போல இன்னொன்று கிடையாது. பலருக்குத் தெரிந்த வழக்குதான். ஆனால் ‘அப்பாவி ஒருவர் சிறைக்குப் போனார், டி.என்.ஏ. காப்பாற்றியது’ என்று கடைசிப் பக்கத்தை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். படிக்க வேண்டியது நடுவில் இருக்கும் பக்கங்கள்.

1984 ஜூலையில் வட கரோலினா மாநிலத்தின் பர்லிங்டன் நகரில், ஜெனிஃபர் தாம்ப்சன் என்ற 22 வயதுக் கல்லூரி மாணவியின் வீட்டுக்குள் இரவில் ஒருவன் புகுந்து பாலியல் வன்கொடுமை செய்தான். அந்த நேரத்திலும் அவர் ஒன்றில் தெளிவாக இருந்தார். உயிரோடு தப்பித்தால் இவனை விடக்கூடாது, அதற்கு இவன் முகத்தை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். கண், மூக்கு, தலைமுடி, உயரம், தழும்பு ஏதாவது உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார். அதன்பிறகு ஒருவழியாகத் தப்பி வெளியே ஓடினார். அதே இரவில் இன்னொரு பெண்ணும் அதேபோலத் தாக்கப்பட்டார்.

இதைவிட நல்ல சாட்சி கிடைப்பாரா? படித்தவர், நிதானமானவர், அடையாளம் காட்டியாக வேண்டும் என்றே பார்த்தவர். ஓடும் பைக்கில் இரண்டு நொடி முகம் பார்த்த கதை இல்லை இது.

சில நாளில் போலீஸார் ஆறு புகைப்படங்களை அவர் முன்னால் வைத்தார்கள். பார்த்தவுடன் எடுக்கவில்லை. சில நிமிடம் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ரொனால்ட் காட்டனின் படத்தைக் காட்டினார். பிறகு நேரடி அணிவகுப்பு. ஏழு பேர் நின்றார்கள். 4ஆம் எண்ணா, 5ஆம் எண்ணா என்று தடுமாறினார். கடைசியில் 5 என்றார். அது காட்டன். படத்திலும் இருந்து, வரிசையிலும் இருந்த ஒரே ஆள் அவர்தான். முடிந்ததும், படத்தில் நீங்கள் காட்டியதும் இவரைத்தான் என்று போலீஸார் சொன்னார்கள். அப்பாடா என்று இருந்தது என்று தாம்ப்சன் பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1985 ஜனவரியில் விசாரணை நடந்தபோது அவரிடம் துளி சந்தேகமும் இல்லை. காட்டனுக்கு ஆயுள் தண்டனை.

இந்த வரிசையை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். முதல் நாள் சில நிமிட யோசனை. அடுத்து இரண்டு எண்களுக்கு நடுவில் தடுமாற்றம். நீதிமன்றத்தில் அசைக்க முடியாத உறுதி. நடந்தது என்னவோ அதே ஓர் இரவுதான். அந்த இரவுக்குப் பிறகு அவருடைய கண் புதிதாக எதையும் பார்க்கவில்லை. பிறகு இந்த உறுதி எங்கிருந்து வந்தது?

இரண்டாவது பெண்ணின் கதை இன்னும் விசித்திரம். அவர் நேரடி அணிவகுப்பில் காட்டியது காட்டனை அல்ல, வரிசையில் நின்ற வேறொருவரை. முதல் விசாரணையில் இதை ஜூரிகளுக்குச் சொல்ல விடவில்லை என்பதால் தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தானது. 1987 நவம்பரில் மறுவிசாரணை. அப்போது அந்த இரண்டாவது பெண்ணும் காட்டன்தான் என்று சொல்லிவிட்டார்! மூன்று வருடத்துக்கு முன்னால் வேறொருவரைக் காட்டியவர், மூன்று வருடத்தில் முகத்தைத் தெளிவாக ஞாபகப்படுத்திக்கொண்டாரா என்ன? தண்டனை முன்பைவிடக் கூடுதலாகத் திரும்ப வந்தது.

அதே மறுவிசாரணையில் பாபி பூல் என்ற கைதியையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தக் குற்றங்களைச் செய்தது தான்தான் என்று சக கைதி ஒருவரிடம் அவன் சொல்லியிருந்ததாகத் தகவல். ஜூரிகள் இல்லாத நேரத்தில் தாம்ப்சன் அவனைப் பார்த்தார். இவனை நான் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்றார். 1995இல் டி.என்.ஏ. பரிசோதனை நடந்தபோது, பொருந்தியது அந்தப் பூல்தான். பத்தரை வருடச் சிறைக்குப் பிறகு 1995 ஜூன் 30 அன்று காட்டன் வெளியே வந்தார்.

‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்ற பழமொழியை இந்த இடத்தில் யாராவது கட்டாயம் எடுத்துவிடுவார்கள். எனக்கு அதில் ஒரு தகராறு உண்டு. இந்த வழக்கில் கண் செய்த பிழையைவிட விசாரிப்பு செய்த பிழைதான் பெரியது. குற்றம் நடந்த இடத்தில் கயிறு கட்டி, யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டு, கையுறை போட்டு ரேகை எடுப்பார்கள். சாட்சியின் ஞாபகமும் அப்படிப்பட்ட ஓர் இடம்தான். அதில் மட்டும் செருப்போடு நடந்துவிட்டுப் போகிறோம்.

அந்த ஆறு படங்கள் தாம்ப்சன் முன்னால் வைக்கப்பட்டபோது என்ன நடந்திருக்கும் என்பதை விளக்கியவர் கேரி வெல்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். ஆறு பேரைப் பார்க்கும் சாட்சி, ‘இவன் அவனா’ என்று ஒவ்வொருவரையும் தன் ஞாபகத்தோடு ஒப்பிடுவதில்லை. ‘இந்த ஆறு பேரில் யார் அவனைப் போல அதிகம் இருக்கிறான்’ என்று ஒருவரோடு ஒருவரை ஒப்பிடுகிறார் என்றார். 1993இல் வெளியான அவருடைய சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு திருட்டை நடித்துக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு, திருடன் உள்ள ஆறு பேர் வரிசை. அவர்களில் 54 சதவீதம் பேர் திருடனைச் சரியாகக் காட்டினார்கள், 21 சதவீதம் பேர் இதில் யாருமே இல்லை என்றார்கள். மீதிப் பாதிப் பேருக்கு அதே வரிசை, ஆனால் திருடனை மட்டும் எடுத்துவிட்டார்கள். அவனுக்குப் பதில் யாரையும் நிறுத்தவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த 54 சதவீதம் பேரும் முகத்தை உண்மையிலேயே ஞாபகம் வைத்துத்தான் காட்டினார்கள் என்றால், அவன் இல்லாத வரிசையைப் பார்த்தவர்களில் 75 சதவீதம் பேராவது ‘இதில் இல்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர்கள் 32 சதவீதம்தான். மற்றவர்கள் அடுத்தபடியாக ஜாடை ஒத்தவரை நோக்கிக் கையை நீட்டினார்கள். ஆள் வரிசையில் இல்லாமலும் இருக்கலாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தும் இப்படி.

பர்லிங்டனில் வைத்த படங்களிலும் பூலின் படம் இல்லை.

சரி, தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தது ஒரு பிழை. அந்தப் பிழை எப்படிக் கல்லில் செதுக்கிய உறுதியாக மாறுகிறது? இதையும் வெல்ஸ்தான் சோதித்தார், ஏமி பிராட்ஃபீல்ட் என்பவரோடு சேர்ந்து. 1998இல் வெளியானது. கண்காணிப்பு கேமரா காட்சி ஒன்றைப் போட்டுக் காட்டிவிட்டு, குற்றவாளியே இல்லாத படவரிசையைக் கொடுத்தார்கள். யாரைக் காட்டினாலும் தவறு என்பது நிச்சயம். காட்டிய பிறகு சிலரிடம் மட்டும், ‘நல்லது, சந்தேக நபரைத்தான் காட்டியிருக்கிறீர்கள்’ என்று ஒரு வரி சொன்னார்கள். அந்த ஒரு வரியைக் கேட்டவர்கள், காட்டும்போதே தாங்கள் மிக உறுதியாக இருந்ததாகச் சொன்னார்கள். அதுமட்டும் இல்லை, முகத்தைத் தெளிவாகப் பார்த்ததாக, கூர்ந்து கவனித்ததாக, சட்டென்று அடையாளம் கண்டதாகவும் சொன்னார்கள். எல்லாரும் பார்த்தது அதே மங்கலான காட்சி.

இது போலீஸின் கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு கொடுமையை அனுபவித்த பெண், ‘நான் சரியாகச் செய்தேனா’ என்று கேட்கும்போது, ‘நன்றாகச் செய்தாயம்மா’ என்று சொல்வது மனிதர்கள் சாதாரணமாகச் செய்வது. நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் நீதிமன்றம் எடைபோடப் போகும் எல்லாவற்றையும் அந்த ஒரு வார்த்தை மாற்றிவிடுகிறது. சாட்சி எவ்வளவு நேரம் பார்த்தார், எவ்வளவு கவனமாகப் பார்த்தார், எவ்வளவு உறுதியாக இருக்கிறார் என்பவைதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இலும் 1977இலும் வகுத்துக் கொடுத்த அளவுகோல்கள். அளவுகோலையே வளைத்துவிட்டால் அளந்து என்ன பயன்?

பிராண்டன் கேரட் என்ற சட்டப் பேராசிரியர், தவறான அடையாளத்தால் தண்டிக்கப்பட்டு டி.என்.ஏ.வால் விடுபட்ட 161 பேரின் விசாரணைப் பதிவுகளைப் படித்தார். நீதிமன்றத்தில் சாட்சிகள் ஏறக்குறைய எல்லாரும் உறுதியாகத்தான் பேசியிருந்தார்கள். ஆனால் பாதிக்கும் மேற்பட்ட வழக்குகளில், தொடக்கத்தில் தாங்கள் உறுதியாக இல்லை என்பது சாட்சிகளின் வாயாலேயே பதிவாகியிருந்தது. இவை அரிய விபத்துகள் என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவில் டி.என்.ஏ.வால் விடுதலையான முதல் 375 பேரில் 69 சதவீதம் பேரின் வழக்கில் கண்ணால் கண்ட சாட்சியின் தவறான அடையாளம் இருந்தது என்பது இன்னொசென்ஸ் ப்ராஜெக்ட் அமைப்பின் கணக்கு.

‘ஒருவர் என்றால் தவறலாம், பத்துப் பேர் காட்டினால்?’ என்று கேட்பீர்கள். அடால்ஃப் பெக் என்பவருக்கு அதுதான் நடந்தது. 1895 டிசம்பரில், லண்டன் தெருவில் நடந்துபோன இந்த நார்வேக்காரரை ஒரு பெண் மறித்து, என்னை ஏமாற்றி நகையை வாங்கிப் போனவன் நீதானே என்றார். பிரபு என்று சொல்லிக்கொண்டு, செல்லாத காசோலை கொடுத்துப் பெண்களிடம் மோதிரமும் கடிகாரமும் பறிக்கும் ஓர் ஏமாற்றுக்காரனைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. பெக்கை மற்றவர்களோடு வரிசையில் நிறுத்திப் பெண்களைக் கூப்பிட்டார்கள். அந்த வரிசையில் நரைத்த தலையும் மீசையும் உள்ளவர் அவர் ஒருவர்தான். பத்துப் பெண்கள் அவரைக் காட்டினார்கள். போதாததற்கு, 1877இல் அதே வேலையைச் செய்து பிடிபட்ட ஜான் ஸ்மித் இவர்தான் என்று, அன்று அவனைக் கைது செய்த ஓய்வுபெற்ற போலீஸ்காரரும் சத்தியம் செய்தார். 1877இல் பெக் இருந்தது தென் அமெரிக்காவில்.

ஏழு வருடக் கடுங்காவல். உள்ளே இருக்கும்போதே, ஸ்மித் யூதர், சுன்னத் செய்யப்பட்டவர், பெக் அப்படி இல்லை என்பது 1898இல் தெரிந்தது. உள்துறை அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? பெக்கின் கைதி எண்ணில் பழைய குற்றவாளி என்பதற்காகச் சேர்த்திருந்த எழுத்தை மட்டும் அடித்துவிட்டு, ஆளை உள்ளேயே வைத்துக்கொண்டது. 1901இல் வெளியே வந்தவரை 1904இல் அதே குற்றத்துக்காகத் திரும்பப் பிடித்தார்கள். இந்த முறை ஐந்து பெண்கள் காட்டினார்கள். தண்டனை அறிவிப்பதற்கு முன், மோதிரங்களை அடகு வைக்கப் போன உண்மையான ஆள் பிடிபட்டான். பெக் தப்பினார். அந்த அவமானம்தான் 1907இல் இங்கிலாந்தில் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உருவாக முக்கியமான காரணங்களில் ஒன்று.

பத்துப் பேரைப் பத்துச் சாட்சிகளாக எண்ணக் கூடாது. நரைத்த மீசைக்காரர் ஒருவரை மட்டும் வரிசையில் நிறுத்தியது ஒரே பிழை. அதே பிழை பத்துத் தடவை அச்சானது, அவ்வளவுதான்.

நம் ஊரிலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வழக்கில் என் கட்சிக்காரர் அணிவகுப்பில் கையில் மாவுக்கட்டோடு நின்றார். (பாத்ரூமில் வழுக்கி விழுந்தாராம். அந்தக் கதையை நான் விளக்க வேண்டியதில்லை.) கூட நின்ற எட்டுப் பேரில் ஒருவர் கையிலும் கட்டு இல்லை. போலீஸ் பிடித்த ஆள் யார் என்று கண்டுபிடிக்கச் சாட்சி சம்பவ இடத்தில் இருந்திருக்கவே வேண்டாம். எல்லார் கையையும் ஒரு துண்டால் மூடச் சொல்லியிருந்தால் போதும். யாருக்கும் தோன்றவில்லை.

கூட நிற்பவர்கள் எதற்கு நிறுத்தப்படுகிறார்கள் என்பதே பலருக்குப் புரிவதில்லை. அவர்கள் அலங்காரத்துக்கு நிற்பவர்கள் இல்லை. சாட்சி ஊகத்தில் காட்டினால், அந்த ஊகம் பெரும்பாலும் அவர்களில் ஒருவர்மேல் விழ வேண்டும்; அப்படி விழுந்தால்தான் ஊகம் என்று நமக்குத் தெரியவரும். பிரிட்டனில் உண்மையான அணிவகுப்புகளின் பதிவுகளைப் பார்த்தபோது, சாட்சிகளில் சுமார் 40 சதவீதம் பேர் சந்தேக நபரைக் காட்டினார்கள், 40 சதவீதம் பேர் யாரையும் காட்டவில்லை, 20 சதவீதம் பேர் கூட நின்ற ஆளைக் காட்டினார்கள். ஐந்தில் ஒருவர், எந்தச் சம்பந்தமும் இல்லாதவர் என்று போலீஸுக்கே தெரிந்த ஆளைக் காட்டியிருக்கிறார். அதே மாதிரி ஊகம் சந்தேக நபர்மேல் விழுந்தவை எத்தனை என்பதுதான் நமக்குத் தெரியாத பகுதி.

பயம், இருட்டு, தூரம், கையில் இருந்த கத்தியைப் பார்த்ததால் முகத்தைக் கவனிக்காமல் போவது, இதெல்லாம் எல்லாரும் ஊகிக்கக்கூடியதுதான், விரிவாகச் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் ‘அந்த மாதிரி நேரத்தில் பார்த்த முகம் சாகும்வரை மறக்காது’ என்ற நம்பிக்கை நீதிமன்றம் வரைக்கும் ஊறிக்கிடக்கிறது. அமெரிக்க ராணுவத்தில் எதிரியிடம் சிக்கினால் தாக்குப்பிடிக்கப் பயிற்சி தரும் முகாமில், 500க்கும் மேற்பட்ட வீரர்களை வைத்து நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. கடுமையாக, உடல்ரீதியாக மிரட்டி விசாரித்தவரை மறுநாள் நேரடி வரிசையில் சரியாகக் காட்டியவர்கள் 30 சதவீதம்; மிரட்டாமல் விசாரித்தவரைக் காட்டியவர்கள் 62 சதவீதம். அரை மணிக்கும் மேலாக எதிரில் நின்ற முகம். பயிற்சி பெற்ற சிப்பாய்கள். வேற்று இனத்தவர் முகத்தில் தவறு இன்னும் அதிகமாகும் என்பதும் பல ஆய்வுகளில் உறுதியானது. தாம்ப்சன் வெள்ளையர், காட்டன் கறுப்பர்.

அப்படியென்றால் சாட்சியின் உறுதிக்கு மதிப்பே இல்லையா? உண்டு, அதுவும் நிறைய. இந்தத் துறையில் கடந்த சில வருடங்களில் நடந்த பெரிய திருத்தமே இதுதான். ‘உறுதிக்கும் சரிக்கும் சம்பந்தம் இல்லை’ என்றுதான் முன்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள், நானும் நீதிமன்றத்தில் அப்படி வாதாடியிருக்கிறேன். ஜான் விக்ஸ்டெட்டும் அதே வெல்ஸும் 2017இல் சேர்ந்து எழுதிய ஆய்வு அதைச் செம்மைப்படுத்தியது. வரிசை ஒழுங்காக அமைக்கப்பட்டு, யாரும் குறிப்புக் கொடுக்காமல், முதல் தடவை காட்டும் அதே கணத்தில் சாட்சி மிக உறுதியாக இருந்தால், அந்த அடையாளம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. முதல் கணத்தில் தயங்கினால் அந்தத் தயக்கமும் ஒரு சாட்சியம். மாதக்கணக்கில் கழித்து நீதிமன்றத்தில் வரும் உறுதிக்குத்தான் மதிப்பில்லை. தாம்ப்சனின் ஞாபகம் பொய் சொல்லவில்லை என்றுகூடச் சொல்லலாம். அந்தச் சில நிமிட யோசனையில், 4க்கும் 5க்கும் இடையிலான தடுமாற்றத்தில், எனக்குத் தெரியவில்லை என்று அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எழுதி வைத்துக்கொள்ள ஆள் இல்லை.

இதிலிருந்து வந்த சீர்திருத்தங்கள் எளிமையானவை. வரிசையை நடத்துபவருக்கே சந்தேக நபர் யார் என்று தெரியக்கூடாது. ஆள் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சிக்குச் சொல்ல வேண்டும். காட்டியவுடன், எவ்வளவு உறுதி என்று அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். காட்டன் வழக்கு நடந்த வட கரோலினாவே 2007இல் இதைச் சட்டமாக்கியது. பிரிட்டனில் இப்போது பெரும்பாலும் வீடியோதான். சந்தேக நபரோடு குறைந்தது எட்டுப் பேரின் காட்சிகள், புலனாய்வில் சம்பந்தமில்லாத அதிகாரி நடத்த வேண்டும். படங்களை ஒரே நேரத்தில் காட்டுவதா, ஒவ்வொன்றாகக் காட்டுவதா என்று ஆய்வாளர்கள் முப்பது வருடத்துக்கும் மேலாகச் சண்டை போடுகிறார்கள். 2014இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழுவும் அதில் முடிவு சொல்லவில்லை. என்னைக் கேட்டால் அது இரண்டாம்பட்சம். நடத்துபவருக்கு விடை தெரியுமா, முதல் வார்த்தை பதிவானதா, இந்த இரண்டும்தான் முக்கியம்.

இனி நம் சட்டத்துக்கு வருகிறேன், உங்கள் கேள்வியே அங்கிருந்துதான். இந்தியாவில் அடையாள அணிவகுப்பைப் போலீஸ் நடத்த முடியாது. போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்துக்கு உள்ள தடை அணிவகுப்புக்கும் வரும் என்று 1955லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் இங்கே நீதித்துறை நடுவர் சிறைக்குள் போய் நடத்துகிறார். உயரம், வயது, தோற்றம் ஒத்தவர்களை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு சாட்சி வருவதற்கு முன்பும் எதிரி இடம் மாறி நிற்கலாம், சட்டை மாற்றிக்கொள்ளலாம். போலீஸ்காரர் அந்தப் பக்கமே இருக்கக்கூடாது. அமெரிக்கா மெனக்கெட்டுக் கொண்டுவந்த சீர்திருத்தத்தில் பாதி நம்மிடம் எப்போதோ இருக்கிறது. இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதே இல்லை.

மீதிப் பாதியில்தான் ஓட்டை. எதிரி யார் என்பது நடுவருக்குத் தெரியும். கைதாகி வாரக்கணக்கில் கழித்து நடக்கும் அணிவகுப்புகள் உண்டு. அதற்குள் செய்தித்தாளில் படம் வந்திருக்கும், அல்லது ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு ‘இவன்தானே?’ என்று செல்போனில் காட்டியிருப்பார்கள். அப்படிக் காட்டிய நிமிடமே ஒரே வாய்ப்பும் போய்விட்டது. அதற்கப்புறம் சிறையில் எவ்வளவு ஒழுங்காக நடத்தினாலும் அது செல்போன் படத்தைக் கண்டுபிடிக்கும் பரீட்சைதான். 2022இல் ஒரு கேரள வழக்கில், அணிவகுப்புக்கு முன்பே எதிரிகளைப் பார்க்கச் சாட்சிகளுக்கு வாய்ப்பிருந்தது என்பதால் உச்ச நீதிமன்றம் அந்த அடையாளத்தை நம்ப மறுத்து விடுதலை செய்தது. நீங்கள் சொல்லும் விடுதலைகளில் பல இந்த வகையாகத்தான் இருக்கும். அணிவகுப்புக்கு வர மாட்டேன் என்று எதிரி மறுப்பதற்கும் வழக்கமாகச் சொல்லும் காரணம் இதுவே. அப்படி மறுக்க அரசியல் சாசனப்படி உரிமை இல்லை என்று 2023இல் முகேஷ் சிங் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது.

அறிக்கையில் என்ன எழுதுகிறார்கள் என்பது இன்னொன்று. நான் படித்த அணிவகுப்பு அறிக்கைகளில் பெரும்பாலும் ‘அ.சா.1 (அரசுத் தரப்பின் முதல் சாட்சி) எதிரியைச் சரியாக அடையாளம் காட்டினார்’ என்று ஒரு வரிதான் இருக்கும். எவ்வளவு நேரம் எடுத்தார், வரிசையில் எத்தனை தடவை நடந்தார், முதலில் யார் முன்னால் நின்றார், என்ன வார்த்தை சொன்னார், ஒன்றும் இருக்காது. ‘சரியாக’ என்ற அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். சரியா என்று தீர்மானிக்கத்தானே வழக்கு?

இதைவிடப் பெரிய முரண் சட்டத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. நம் சட்டப்படி அணிவகுப்பில் காட்டுவது மூல சாட்சியம் ஆகாது. நீதிமன்றத்தில், கூண்டில் நிற்பவரைக் காட்டுவதுதான் மூல சாட்சியம். அணிவகுப்பு அதற்கு வெறும் பக்கபலம். சத்தியப் பிரமாணமும் குறுக்கு விசாரணையும் நீதிமன்றத்தில்தானே நடக்கிறது என்பது காரணம். வக்கீலாக எனக்கு அந்தக் காரணம் புரிகிறது. ஆனால் ஞாபகம் வேலை செய்யும் விதத்தை வைத்துப் பார்த்தால் இது தலைகீழ். சம்பவத்துக்கு அருகில், பலருக்கு நடுவில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது பக்கபலமாம். வருடங்கள் கழித்து, தனியாக ஒருவர் நிற்கும் கூண்டைப் பார்த்துக் கைநீட்டுவது மூலமாம். முன்பின் தெரியாத ஒருவரை முதன்முதலாக நீதிமன்றத்தில் காட்டுவது பலவீனமான சாட்சியம் என்று உச்ச நீதிமன்றமே பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அடித்தளம் மாறவில்லை. 2024 ஜூலையில் புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது பிரிவு எண்கள்தான் மாறின.

கடைசிக் கேள்வி பாக்கி இருக்கிறது: தவறாகக் காட்டியவருக்குப் பின்னாலாவது தெரியாதா? தாம்ப்சனுக்கு டி.என்.ஏ. முடிவை நேரில் வந்து சொன்னார்கள். அவர் ஏற்றுக்கொண்டார். காட்டனைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார், காட்டன் மன்னித்தார், இருவரும் சேர்ந்து மேடைகளில் பேசினார்கள், 2009இல் சேர்ந்து ஒரு புத்தகமும் எழுதினார்கள். அறிவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த முடிவைக் கேட்ட பிறகும், அந்த இரவு கெட்ட கனவாக வரும்போதெல்லாம் தன் கண்ணுக்குத் தெரிந்தது காட்டனின் முகம்தான் என்று அவர் சொல்லியிருக்கிறார். பூலின் முகம் வரவே இல்லை.